சித்தப்பா குடியிருந்த கரவன்

எட்டு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்பா சொல்வதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், சித்தப்பா சொல்வதை அப்பாவிடம் வந்து சொல்ல வேண்டும். போவதற்கும் வருவதற்கும் பெரிய தூரம் கிடையாது. இருவரும் பெரும்பாலும் ஒரே முற்றத்தில், சில வேளைகளில் ஒரே காருக்குள்தான் இருப்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் தெளிவாகவே விழும். ஆனாலும் என் வாயால் வந்த பிறகுதான் அது சொல்லப்பட்டதாகக் கணக்கு. வசந்த காலத்தில் கிடைத்த அந்த வேலையை இலையுதிர்காலம் வரை நான் குறைவில்லாமல் செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாங்கள் ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊரில் ஒரு சிவப்புச் செங்கல் வீட்டில் இருந்தோம். சித்தப்பா அப்பாவின் தம்பி. இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. கலியாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடு, வீட்டின் சின்ன அறையில் இருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதற்கு முந்தைய வருடம் ஒரு பழைய கரவன் வாங்கியிருந்தார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், கடற்கரைப் பக்கம் நிறுத்தி, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற, சக்கரம் வைத்த சின்ன வீடு. எங்கள் தெருவில் டேனிஷ்காரர் பலரது வீட்டு வாசலிலும் ஒன்று நின்றது. தமிழ் ஆட்களிடம் அப்போது அது அபூர்வம். அகதியாக வந்து காம்பில் கிடந்தது போதாதென்று இப்போது விரும்பிக் காம்பிங் போகிறார்களாம் என்று கோயிலில் ஒருவர் பகிடி விட்டார். அப்பா வீட்டுக்கு வந்து அதைத் தானே சொல்லிச் சிரித்தார். முதல் கோடையில் நாங்கள் நாலு பேரும் அதில் போய் வந்தோம். இரண்டாவது கோடையில் கரவன் எங்கும் போகவில்லை. அதில் சித்தப்பா குடியிருந்தார்.

காரணம் ஒரு கலியாணப் பேச்சு. ரண்டர்ஸில் இருந்த ஒரு குடும்பத்துப் பெண்ணைச் சித்தப்பாவுக்குப் பேசினார்கள். சாதகம் பொருந்தியது, குடும்பம் பொருந்தியது, அப்பா வாக்கும் கொடுத்துவிட்டார். கேட்கப்படாமல் மிச்சமிருந்தது சித்தப்பா மட்டும்தான். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கும் வேண்டாம் என்பதையே திருப்பிச் சொன்னார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள அப்பா ரண்டர்ஸுக்குப் போய்வந்த அன்று அவருடைய முகத்தை நான் பார்த்தேன். பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. கதவடியில் நின்று, இனி இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்றார். சித்தப்பாவும் மறுபேச்சில்லாமல் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

போனவர் வெகுதூரம் போகவில்லை. அடுத்த நாள் காலை நான் எட்டிப் பார்த்தபோது, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நின்ற கரவனின் ஜன்னலுக்குள் சித்தப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னது வீட்டுப் படியை. கரவன் வீடில்லை, அதன் படியும் வேறு படி. அப்பாவோ தன் வாயால் வந்த சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரு வாக்கு பொய்த்துப்போன வெட்கத்தில் இருந்த மனிதர் இன்னொரு சொல்லையும் பொய்க்க விடுவாரா? அதனால் சித்தப்பாவை அங்கிருந்து எழுப்பவும் அவரால் முடியவில்லை, உள்ளே கூப்பிடவும் முடியவில்லை.

காலையில் அப்பா காரை எடுப்பார். சித்தப்பா வந்து பின் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொள்வார். முன் சீட் வெறுமையாக வரும். என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இருவரும் தொழிற்சாலைக்குப் போவார்கள். அதற்குப் பிறகு சொல்லிவிட ஆளில்லாமல் பாவம் எப்படிச் சமாளித்தார்களோ தெரியாது. அம்மா வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கரவன் ஜன்னலால் நீட்டுவார். அப்பா அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். மீன் குழம்பு வைத்த நாளில் மட்டும், மிச்சம் வைத்தால் பழுதாகிவிடும், இருக்கிறதெல்லாத்தையும் போட்டு முடிக்க வேண்டியதுதான் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அப்பாவுக்குப் பழைய மீன் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ அது அருமையான கோடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரவனுக்குள் போய்விடுவேன். சித்தப்பா காஸ் அடுப்பில் நூடில்ஸ் அவித்து, முட்டை அடித்துப் போட்டு, மிளகாய்த்தூளைக் கண்மண் தெரியாமல் தூவித் தருவார். அதற்குக் கரவன் கொத்து என்று பெயர். உறைப்பில் கண்ணீர் வர வரச் சாப்பிடுவேன். கணக்குப் பாடத்தில் பிழை விட்டால் அவர் ஏசமாட்டார், தன் பிழை போலத் தலையைச் சொறிவார். இந்தச் சண்டை தீராமலே இருந்தாலும் நல்லதுதான் என்றுகூட ஒரு நாள் எனக்குத் தோன்றியது.

பிறகு குளிர் வந்தது. இரவில் சித்தப்பா இருமுவது என் அறைக்குக் கேட்கும். கரவனின் சுவர் தடித்த அட்டை மாதிரித்தானே. ஒரு நாள் காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா அந்த இருமலைக் கேட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, உறைபனி விழப்போகிறதாம், தண்ணீரை வடிக்காமல் விட்டால் கரவனின் குழாய்கள் வெடித்துவிடும், இந்தச் சனிக்கிழமையே குளிர்காலத்துக்குக் கொட்டகையில் கொண்டுபோய் விட வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் தன்னுடையதை இன்னும் அசைக்கவே இல்லை. எல்லோரும் கரவனைக் கொண்டுபோய் விடுகிற இலையுதிர்கால விடுமுறைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் அதைச் சொன்னேன். சித்தப்பாவிடம் போய்ச் சொல்லு என்றார் அப்பா.

போய்ச் சொன்னேன்.

"நல்லது எண்டு சொல்லு," என்றார் சித்தப்பா. "எஸ்பியர்க்கிலை சிநேகிதப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். அங்கை மீன் கொம்பனியிலை வேலையும் இருக்காம். சனிக்கிழமை பின்னேர ரயிலிலை போறன் எண்டு சொல்லு."

அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன். அப்பா ம் என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்பாவை வெறுத்துப்போனது. ஒரு குழாய்க்காகச் சொந்தத் தம்பியைத் துரத்துகிற மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தக் கிழமை முழுக்க அவரோடு டேனிஷில் மட்டும் பேசினேன். அவரும் அதைப் பொருட்படுத்தாமல் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையிலிருந்தே வேலை தொடங்கியது. அம்மா கரவனுக்குள் ஏறி மிளகாய்த்தூள் போத்தல், அரிசி, பருப்பு, பிள்ளையார் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டுச் சாமான் ஒரு பருக்கை கிடந்தாலும் எலி வரும். குளிர்ப்பெட்டியைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துணியைச் சொருகினார். இதெல்லாம் முடிந்ததும் வீட்டுக்குள் போய், சின்ன அறையில் கிடந்த தையல் மெசினைத் தனியாக இழுத்து வெளியே போட்டார். ஏன் என்று கேட்டேன். கூட்ட வேண்டும் என்றார்.

தண்ணீரை வடிப்பதுதான் முக்கியமான வேலை. சித்தப்பா உள்ளே இருக்கைப் பெட்டியைத் திறந்து, அடியில் இருக்கிற வால்வைத் திருப்ப வேண்டும். அப்பா வெளியே நிலத்தில் படுத்து, கரவனுக்குக் கீழே தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கரவன் படியில் நின்றேன்.

"தண்ணி வருதோ எண்டு கேள்," என்றார் சித்தப்பா.

"வருது எண்டு சொல்லு," என்றார் அப்பா, நான் கேட்பதற்கு முன்பே.

இருவருக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருந்தது. நான் முறைப்படி கேட்டு, முறைப்படி பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு குழாய்கள் எல்லாவற்றையும் திறந்தபடி விட்டார்கள். மிச்சத் தண்ணீர் உள்ளே உறைந்தாலும் விரிய இடம் இருக்குமாம். காஸ் சிலிண்டரைக் கழற்றினார்கள். பேட்டரியைக் கழற்றினார்கள். கூரையில் பிடித்திருந்த பச்சைப் பாசியைச் சித்தப்பா ஏணியில் நின்று தேய்த்துக் கழுவினார். ஏணியை அப்பா பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்கச் சொல்லி நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபோது கரவன் எனக்கு வேறொருவருடையது போலத் தெரிந்தது. சித்தப்பாவின் பை காரின் டிக்கிக்குள் ஏறியது. மத்தியானச் சாப்பாட்டைக் கடைசித் தடவையாக அவருக்கு ஜன்னலால் கொடுத்தோம்.

நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயி, பன்றி வளர்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெரிய கொட்டகையைக் குளிர்காலத்தில் கரவன்கள் நிறுத்தக் கொடுத்துவந்தார். ஒன்றோடொன்று உரசாத குறையாக அடுக்குவார். உள்ளே போனால் வசந்தம் வரைக்கும் எந்தக் கரவனையும் வெளியே எடுக்க முடியாது. எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு புதுக் கரவனுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தது.

கரவனைக் கொழுவிய காரைப் பின்னால் எடுப்பது சும்மாவே வில்லங்கமான வேலை. காரை ஒரு பக்கம் வெட்டினால் கரவன் மற்றப் பக்கம் போகும். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் பின்னால் நின்று கத்த, ஓட்டுகிறவர் கேட்டுக் கேட்டு வெட்டுவார். எங்கள் குடும்பத்தில் பின்னால் நின்ற சித்தப்பா என்னிடம் சொல்ல, நான் காரின் ஜன்னலடிக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இடது பக்கம் வெட்டச் சொல்லு என்பார் சித்தப்பா. நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கரவன் வலது பக்கம் வெட்ட வேண்டிய இடத்துக்கு வந்திருக்கும். அப்பா எனக்காகக் காத்திருந்து, நான் சொன்னதும் நேர்மையாக இடது பக்கம் வெட்டுவார். நான் திரும்பி ஓடுவேன். இப்படியே போய்ப் போய்க் கரவன் குறுக்காக நின்றுவிட்டது. அதன் மூலை அந்தப் புதுக் கரவனை ஒரு சாண் இடைவெளியில் பார்த்துக்கொண்டிருந்தது. நிற்பாட்டச் சொல்லு என்று சித்தப்பா பலமாகச் சொன்னார். அப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும், நான் போய்ச் சேர்வதற்கு முன்பே கார் நின்றுவிட்டது.

விவசாயி இவ்வளவையும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இந்தப் பிள்ளை நடுவில் ஓடுகிறது என்று என்னிடமே கேட்டார். அவர்கள் இருவரும் பேசுவதில்லை என்றேன். அப்படியா என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு ஆண்கள் பேசாமல் வேலை செய்வது ஒரு புதினமே இல்லை. காரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்படியே தள்ளினார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்று, தலையைக் குனிந்து, இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும். நான்தான் டேனிஷில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். கரவன் அங்குலம் அங்குலமாகப் போய்த் தன் இடத்தில் நின்றது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். சித்தப்பா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் இருமினார். அப்பா அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைத் தூக்கினார், பிறகு அந்தக் கையால் தன் தொப்பியைச் சரிசெய்தார்.

வேலை முடிந்தது, இனி ரயில்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா என்னைக் கூப்பிட்டு, கட்டில் மெத்தையைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். விவசாயி அதைச் சைகையில் புரிந்துகொண்டு, தேவையில்லை, மெத்தையை உள்ளேயே பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். தொழிற்சாலையில் சங்கக் கூட்டத்தில் எழும்பி டேனிஷில் வாதாடுகிற அப்பா, அன்று அவர் சொல்வது ஒன்றும் விளங்காதவர் போல நின்றார். நான் மொழிபெயர்த்தேன். போன வருடம் நாங்களும் நிமிர்த்தித்தானே வைத்தோம் என்று என் பங்குக்கும் சொன்னேன்.

"போன வருசம் பூஞ்சணம் பிடிச்சது," என்றார் அப்பா.

பிடிக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க அந்த மெத்தையில் உருண்டவள் நான். அப்பா பொய் சொல்லி நான் கண்டதில்லை என்பதால் எனக்குத் திகைப்பாக இருந்தது. சித்தப்பாவைப் பார்த்தேன். மாதக்கணக்காக அதில் படுத்தெழும்பியவர் அவர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரோ உள்ளே போய் மெத்தையின் ஒரு நுனியைத் தூக்கினார்.

அதைக் காரின் கூரையில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மழை தூறத் தொடங்கியது. அந்த நாட்டில் மழை வராமல் இருந்தால்தான் அதிசயம். உலர்ந்த இடத்தில் இருந்த மெத்தையை எடுத்து மழைக்குள் கொண்டுவந்துவிட்டு, அப்பா கவலையோடு மேலே மேலே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஸ்டேஷனுக்குத் திரும்புகிற சந்தி வந்தது. சித்தப்பா என் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மெத்தை நனையுது," என்றார் அப்பா. "முதலிலை வீட்டை போய் அதை இறக்குவம், பிறகு ஸ்டேஷனுக்குப் போகலாம் எண்டு சொல்லு."

சொன்னேன்.

"ரயிலுக்கு நேரம் கிடக்கு எண்டு சொல்லு," என்றார் சித்தப்பா.

கார் சந்தியைத் தாண்டி நேராகப் போனது. ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்றால் எப்படியும் போகத்தான் போகிறார். அதை நினைத்துத்தான் நான் வழி முழுக்க விம்மிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மழை பலத்துவிட்டது. இருவரும் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார்கள். மெத்தை நீர் குடித்துக் கனத்திருந்தது, அதை ஒரு ஆளால் தூக்க முடியாது. அப்பா முன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். சித்தப்பா மற்ற நுனியைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். முகம் மெத்தைக்குப் பின்னால் மறைந்திருந்தது, காலடியும் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நடையில் வந்து நின்றார். அப்பா பின்பக்கமாகவே படியேறி வீட்டுக்குள் போய்விட்டார். மெத்தையின் நடுப்பகுதி வாசலுக்கு வந்தது. சித்தப்பா படிக்கு வெளியே, மழைக்குள், சட்டென்று நின்றுவிட்டார். மெத்தையும் நின்றது. அப்பா உள்ளே இருந்து இழுக்கவில்லை.

"படி இருக்கு," என்றார் அப்பா. "பாத்து வா."

நான் என் வேலையைச் செய்தேன். "சித்தப்பா, படி இருக்காம், பாத்து வரட்டாம்," என்றேன்.

"கேட்டது, அண்ணை," என்று மெத்தைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

அதையும் நான் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். "கேட்டதாம் அப்பா."

அப்பா மெத்தையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தபடி, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா திடீரென்று திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார். சித்தப்பா படியேறி வந்தார்.

அன்று எஸ்பியர்க் ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. நேரம் பிந்திவிட்டது போலும் என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமை காலை சித்தப்பா முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால் தனியாக, எது வந்தாலும் சொல்லிவிடத் தயாராக, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவர்கள் டயர்க் காற்றைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு மேற்பார்வையாளர் ஒருவரைப் பற்றிக் கதைத்தார்கள். பள்ளிக்கூடம் வரும்வரை ஒருவரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. என்ன பிழை விட்டேன், ஏன் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று யோசித்துக்கொண்டு நான் வகுப்புக்குப் போனேன்.